கயிறு பிடித்தவர் பங்கு

1

அப்பாவின் நினைவு நாள் அக்டோபரின் பிற்பாதியில் வரும். போர்ட் பிளேயரில் அப்போது மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருக்கும். மெயின்லாந்துக் கப்பல் தள்ளிப்போகும், டாலிகஞ்ச் கடைகளில் வெங்காயம் அழுகத் தொடங்கும், என் தம்பி சேவியர் கோயிலில் பூசை கொடுத்துவிட்டு அசனம் போடுவான். சோறும் கறியும் ஆக்கி, வந்தவர் யாராயிருந்தாலும் உட்காரவைத்துப் பரிமாறுவதுதான் அசனம். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து எங்கள் ஆட்கள் கப்பலேறியபோது வலையோடும் செபமாலையோடும் சேர்த்துக் கொண்டுவந்த வழக்கம் அது.

நானும் வீட்டுக்காரரும் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சினில். இங்கே அதே நாட்களில் மேப்பிள் இலைகள் சிவந்து உதிரும், வில் வேட்டை சீசனும் நடக்கும். இந்த வருஷம் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். அப்பாவின் அசனத்தை இங்கேயும் போடுவது. அதற்குக் கறி கடையில் வாங்குவதில்லை, நானே அம்பெய்த மான்தான் என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்ததோடு விட்டேனா? நான் நர்சாக இருக்கும் முதியோர் இல்லத்திலும் பங்குக் கோயிலிலும் எல்லாரையும் அழைத்தும் விட்டேன். எனக்கு எப்போதும் வாய் முந்தும், கை பிந்தும்.

"மான் சிக்கலேன்னா என்னக்கா செய்வ?" என்று சேவியர் போனில் கேட்டான். சிக்கும்லே, போனை வை என்றேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வேட்டை என்பது காட்டில் தொடங்குவதில்லை, மேசையில் தொடங்குகிறது. பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நடுவில் நான், நரைத்த கொண்டையும் படிக்கிற கண்ணாடியுமாக. பிறகு லைசென்ஸ். அதில் கண்ணின் நிறம் கேட்பார்கள். கறுப்பு என்று சொன்னேன். கம்ப்யூட்டரில் கறுப்பு இல்லை, பழுப்பு போட்டுக்கொள்ளட்டுமா என்றாள் அந்தப் பெண். என் அம்மா கொடுத்த கண்ணை ஒரு மான் லைசென்ஸுக்காக மாற்றிக்கொண்டேன். பிறந்த இடம் போர்ட் பிளேயர் என்றதும் அது எந்த நாடு என்று கேட்டாள். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதும் இதே கூத்துதான். தாய்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கிற தீவு எப்படி இந்தியாவாகும் என்று ஒரு அதிகாரிக்குச் சந்தேகம். படம் வரைந்து காட்டினேன்.

பேச்சிலும் தடுக்கி விழுவேன். வந்த புதிதில், லீவு எடுத்துச் சொந்த ஊர் கிளம்பிய ஒரு சக நர்சிடம், "எப்போது மெயின்லாந்து போகிறாய்?" என்று கேட்டுவிட்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். எந்தப் பக்கம் நடந்தாலும் நிலமே முடியாத இடம் இது. எங்களுக்குத் தீவைவிட்டுப் போகிற இடமெல்லாம் மெயின்லாந்துதானே! இன்றைக்கும் செபம் தமிழில் வரும், கோபம் ஹிந்தியில் வரும், சம்பளத்துக்கு மட்டும் ஆங்கிலம் வரும்.

என் மகள் ஜெனிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. இங்கேயே பிறந்தவள், கல்லூரியில் முதல் வருஷம். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். போன வருஷம் கறி மீன் சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். மீன்காரன் பேத்தி! என் அப்பாவை அவள் தாத்தா என்றுகூடச் சொல்வதில்லை, "உன் அப்பா" என்பாள். கோபத்தில் சொல்வதில்லை, அதனால்தான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. விடுமுறைகளில் வீட்டுக்கு வருவது குறைந்துகொண்டே போகிறது. அசனத்துக்கு வா என்றதற்கு, அந்த வாரக் கடைசியில் வரப் பார்க்கிறேன், ஆனால் தட்டில் எனக்குக் கறி வைக்காதே என்று சொல்லிவிட்டாள்.

3

மான் எனக்குப் புதிதில்லை. அந்தமானில் புள்ளிமான் எங்கிருந்து வந்தது என்று இங்கே யாருக்கும் சொன்னால் நம்ப மாட்டார்கள். வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து விட்டான். புலியும் சிறுத்தையும் இல்லாத தீவு, கேட்க வேண்டுமா? பெருகித் தள்ளிவிட்டது. கடலில் நீந்தித் தீவுவிட்டுத் தீவுகூடப் போகும்.

சேவியருக்கு சிப்பிகாட் என்கிற ஊரில் தோட்டம். சுனாமியில் கீழ்வயலில் உப்புத்தண்ணீர் ஏறி வீணாய்ப் போனதும், மேட்டில் வெண்டையும் பர்பட்டியும் போட்டான். பயத்தங்காயைத்தான் அங்கே பர்பட்டி என்போம். விடிந்து போய்ப் பார்த்தால் கொடியில் காயும் இருக்காது, இலையும் இருக்காது. அப்பாவின் பழைய வலையைச் சுற்றிக் கட்டினான், டப்பா கட்டித் தொங்கவிட்டான். மானுக்கு அந்தச் சத்தம் பழகிப்போய்விட்டது. அவன் கை தட்டினால் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயும். தொட்டால் ஜெயில். பக்கத்துத் தோட்டத்து பெங்காலிக்காரர், "பாய், நாம விவசாயமா பண்றோம், மானுக்கு ஹோட்டல் நடத்துறோம்" என்பாராம்.

இங்கே சர்க்காரே காசு வாங்கிக்கொண்டு, போய் ஒரு மானை அடி என்கிறது. சேவியருக்கு அது தாங்காது. "அங்க மரத்துல ஏறி உக்காந்து மானைத் தேடுற. இங்க வா, நம்ம வாசல்ல நிக்கிது, பேர் சொல்லிக் கூப்பிடலாம்" என்பான்.

நான் வில்லை எடுத்ததற்கும் அந்தத் தோட்டம் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. ஆனால் முதல் வருஷம் மரத்தில் உட்கார்ந்தபோதே பழைய கோபம் எங்கேயோ போய்விட்டது. துப்பாக்கி என்றால் தூரத்திலிருந்து முடிந்துவிடும். வில்லுக்கு மான் கிட்டத்தில் வர வேண்டும், அதன் காது திரும்புவது தெரிய வேண்டும். அதுவரை மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட வேண்டும். வாயாடியான எனக்கு இது நல்ல தண்டனை.

4

அசனத்துக்கு முந்தின நாளான சனிக்கிழமை விடியற்காலையில், கூட வேலை பார்க்கும் டெபியின் நிலத்தில், ஓக் மரத்தில் கட்டிய இருக்கையில் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெனி முந்தின நாளே வந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறுவதற்குள் ஒரு பெண்மான் தனியாக வந்தது, கொழுத்தது, குட்டி கூட இல்லை. இழுத்தேன், குறி பார்த்தேன், விட்டேன். விடும் நேரத்தில் அது ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டது. அம்பு நான் நினைத்த இடத்துக்குப் பின்னால் பட்டது. மான் துள்ளி, முதுகை வளைத்துக்கொண்டு புதருக்குள் போனது.

இறங்கி அம்பை எடுத்துப் பார்த்தேன். ரத்தம் கருஞ்சிவப்பு. நர்சுக்கு அது தெரியாதா? கல்லீரல். அடி சாகிற அடிதான், ஆனால் உடனே சாகாது. வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னார்கள்: இப்படி அடிபட்டால் தொடாதே, தொடராதே, மதியம் வரை விட்டுவிடு, அது கிட்டத்திலேயே படுத்து அங்கேயே அடங்கிவிடும். பரீட்சையில் இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதியவள் நான்.

ஆனால் என் காலுக்குப் பரீட்சை தெரியவில்லை. அதற்குத் தெரிந்தது அப்பாவின் டுங்கிதான். சின்னத் தோணியை எங்கள் தீவில் டுங்கி என்போம். ஜங்லிகாட் துறையிலிருந்து அதில் என்னையும் சேவியரையும் ஏற்றிக்கொண்டு போவார். தூண்டில் நூலான தங்கூசியைக் கையிலேயே சுற்றிக்கொள்வார். சீலா மீன் கடித்துவிட்டால் மனுசனே மாறிவிடுவார். "தளர விடாத! நூலு தளந்தா மீனு போச்சு. கடிச்ச மீனை வாயில முள்ளோட விட்டா பாவம், கடல் கேக்கும்." உள்ளங்கை அறுந்து ரத்தம் வந்தாலும் விட மாட்டார். எங்களையும் விடவிட்டதில்லை. அடிபட்ட உயிரை உடனே எட்டிப் பிடி, இடைவெளி கொடுக்காதே என்பதுதான் எனக்குப் பால்குடியிலிருந்து ஊட்டிய பாடம்.

போனேன். ரத்தத் துளி பார்த்துப் பார்த்துப் போனேன். ஒரு மேட்டுக்குப் பின்னால் மான் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தது. சும்மா விட்டிருந்தால் அங்கேயே அடங்கியிருக்கும். அது எழுந்து ஓடியதை இன்னமும் என்னால் நல்லபடியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. சோள வயலோரமாக ஓடி, வேலியைத் தாண்டி, பக்கத்து நிலத்தின் நாணல் காட்டுக்குள் போய்விட்டது. வேலியில் ஒரு பலகை: உள்ளே வராதே. பெயிண்ட் புதிது.

அரே பகவான் என்று என்னையே திட்டிக்கொண்டு வேலியைப் பிடித்தபடி நின்றேன். மாதா கோயில்காரி வாயில் வருகிற வார்த்தையா அது? கோபம் ஹிந்தியில்தான் வரும் என்று முன்பே சொன்னேன்.

5

அசனம் அப்போதைக்கு மனதிலேயே இல்லை. கறி இல்லாவிட்டால் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துப் போடலாம், யார் கேட்கப் போகிறார்கள். என் அம்பு பட்ட ஓர் உயிர் நாணலுக்குள் கிடக்கிறது. வெயிலும் அந்தச் சீசனுக்கு மீறிய வெயில். சாயங்காலத்துக்குள் எடுக்காவிட்டால் கறி கெடும், அல்லது நரி இழுத்துக்கொண்டு போகும். அப்படிப் போனால் அந்தச் சாவுக்கு அர்த்தமே இல்லை. தேடி எடுக்காமல் அந்த இடத்தைவிட்டுப் போவதில்லை என்று வேலிக் கட்டையிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தை எழுதி, சாயங்கால வேலைக்கு வர முடியாது, நீ பார்த்துக்கொள் என்று டெபிக்குச் செய்தி அனுப்பினேன்.

பிறகு சேவியரைக் கூப்பிட்டேன். ஊரில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம், தட்டுச் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். முதல் தடவையாக அவன் கிண்டல் செய்யவில்லை.

"யக்கா, அப்பா சொன்னது தூண்டில்ல மாட்டுனதுக்கு. தங்கூசி ஒன் கையில இருந்துச்சுன்னா நீ இழு, யாரு வேண்டாம்னா? மான்ல ஏதுக்கா கயிறு? நீ தொரத்தத் தொரத்த அது ஓடத்தான செய்யும்."

அவனே தொடர்ந்தான். தோட்டத்தில் மானைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அதன் புத்தி தெரியும். விரட்டினால் கடல்வரை ஓடும், விட்டுவிட்டால் பத்தடியில் நின்று திரும்பிப் பார்க்கும் என்றான். "இப்ப நீ சும்மா கெட. அதான் ஒனக்கு வேலை. முடியுமா ஒன்னால?"

முடியும் என்றேன். போனை வைத்தபின் ஜெனி நினைவுதான் வந்தது. எப்போது வருவாய், ஏன் பேசவில்லை, தமிழில் சொல்லு, ஒரு வாய் சாப்பிடு என்று நான் அவளைத் துரத்தாத நாளில்லை. வேலியோரம் உட்கார்ந்து வேறென்ன யோசிக்க? மானுக்காக உட்கார்ந்தவள் மகளுக்காகவும் சேர்த்து உட்கார்ந்தேன்.

6

ஆனால் அவளே வந்துவிட்டாள். டெபி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். காரிலிருந்து இறங்கியபோது தண்ணீரும் ஒரு கயிறும் கையில் இருந்தன. இதற்காகத்தான் நான் வேட்டையே வேண்டாமென்றேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் ஆங்கிலத்தில் கேட்டது ஒன்றே ஒன்று: அதற்கு இன்னும் வலிக்குமா? நான் பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வலித்திருக்கும், இந்நேரம் அடங்கியிருக்கும், நான் துரத்தாமல் இருந்திருந்தால் முன்னாலேயே அடங்கியிருக்கும் என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மதியம் வரை எழுந்திருக்கவில்லை. நான் எதையும் கேட்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

அடுத்த நிலத்துக்காரர் பெயர் வெயின், மாட்டுப்பண்ணைக்காரர். அவர் சம்மதமில்லாமல் அங்கே கால் வைக்க முடியாது, அது சட்டம். அவர் யாரையும் விடுவதில்லை என்று டெபி எச்சரித்திருந்தாள். போன சீசனில் யாரோ வேலியை வெட்டிவிட்டு உள்ளே போனதில் கன்றுகள் சாலைக்கு வந்துவிட்டனவாம். மதியம் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மனிதர் கதவை முழுதும் திறக்காமலேயே இல்லை என்றார். ஏன் என்றும் சொல்லவில்லை.

நான் நகரவில்லை. வில்லையும் அம்புக்கூட்டையும் கழற்றி அவர் காலடியில், படியில் வைத்தேன். இது உங்களிடம் இருக்கட்டும், நான் வேட்டையாட வரவில்லை, அடித்ததை எடுக்க வந்திருக்கிறேன், கயிறு மட்டும்தான் கொண்டுபோவேன், வேண்டுமானால் நீங்களும் கூட வந்து பாருங்கள் என்றேன். ஆங்கிலம் அன்றைக்கு எங்கிருந்தோ தடுக்காமல் வந்தது. அவர் வில்லைப் பார்த்தார், என் நரைத்த தலையைப் பார்த்தார், பின்னால் நின்ற ஜெனியைப் பார்த்தார். உள்ளே போய் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார்.

7

நாணல் தலைக்குமேல் நின்றது. கீழே சேறு. ரத்தம் எங்கேயோ நின்றுபோயிருந்தது. அடிபட்ட மான் தண்ணீரைத் தேடும் என்று வெயின் ஓடைப் பக்கம் போனார். நான் வரிசை பிடித்து, வலை அரிக்கிற மாதிரி விடாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும் அங்கிருந்து இங்கேயும் நடந்தேன். தொடைவரை நனைந்தது, முட்டி கடுத்தது. வெயின் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். நீங்கள் போங்கள், நான் இருக்கிறேன் என்றேன். அவரும் போகவில்லை.

கண்டது ஜெனிதான். கூப்பிடவில்லை, நின்றுவிட்டாள். அவள் நின்ற நிற்பைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வளைந்த நாணலின்மேல், கால் மடக்கிப் படுத்த மாதிரியே போயிருந்தது. என்னைப் பார்த்து எழுந்து ஓட வேண்டிய அவசியம் அதற்கு இரண்டாவது தடவை வரவில்லை. கழுத்தில் கை வைத்தேன். மன்னிச்சுக்கம்மா என்று தமிழில் சொன்னேன். பெண்மானை வேறெப்படிக் கூப்பிடுவது? அழுகை வந்தது, அழுதேன். அதன்பிறகு கத்தியை எடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்தேன். கறி நன்றாக இருந்தது.

மான் கிடைத்ததைப் போனில் சர்க்காருக்குப் பதிந்துவிட்டு, முன்னங்காலில் கயிறு போட்டேன். சேற்றில் தனியாளாக இழுக்க முடியாது. வெயின் ஒரு பக்கம் பிடித்தார். ஜெனி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிடி என்று நான் சொல்லவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளே வந்து எனக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தாள். என் வாயில் தானாக, கரையில் டுங்கி இழுக்கிறபோது அப்பா போடும் சத்தம் வந்தது: ஏலோ, ஐலசா. வெயினுக்கு என்ன புரிந்ததோ, அந்தத் தாளத்துக்குச் சரியாக இழுத்தார். இழுத்துக்கொண்டே ஜெனி எதற்கு இந்தச் சத்தம் என்று கேட்டாள். சொன்னேன். கரையில் படகு வந்தால் யார் வேண்டுமானாலும் வந்து கயிறு பிடிக்கலாம். நீ யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. கயிற்றில் கை வைத்தவர்களுக்கெல்லாம் ஒரு பங்கு மீன் உண்டு. அது தானமில்லை, உரிமை. டாலிகஞ்சில் எங்கள் வீட்டுச் சட்டியில் மீன் இல்லாத நாட்களில்கூட அப்பா அந்தப் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

8

வெயின் பங்கை மறுநாள் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன், முதுகுக் கறி, நல்ல துண்டு. வேண்டாம் என்றார். வேண்டாமென்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை, கயிறு பிடித்தீர்கள் என்றேன். வாங்கிக்கொண்டார். மதியம் அசனத்துக்கும் வந்தார், மிளகுக் கறி காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டாவது தட்டும் வாங்கினார்.

எல்லாரும் போனபின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சொன்னபடி ஜெனி தட்டில் கறி வைக்கவில்லை, சோறும் கத்தரிக்காயும்தான். கல்லூரிக்குக் கிளம்பப் பையைத் தோளில் மாட்டியவள் சமையலறை வாசலில் நின்றாள்.

"என் பங்கு எங்கம்மா?"

தமிழில் கேட்டாள். கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்தேன். நீதான் தின்ன மாட்டாயே என்றேன்.

"திங்க மாட்டேன். ஆனா நானும் கயிறு பிடிச்சேன்ல?"

அந்த 'ல' என்னுடையது, என் அப்பாவுடையது. வெட்டிவைத்திருந்ததில் நல்ல துண்டாக எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போகவில்லை. பேனா எடுத்து, கோணல் மாணலான தமிழ் எழுத்தில் 'ஜெனி பங்கு' என்று எழுதி, ஃப்ரீசரின் அடித்தட்டில் தானே வைத்துவிட்டுக் காரெடுத்துப் போனாள். அடுத்து எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

சேவியரிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "யக்கா, கரையில பங்கை விட்டுட்டுப் போனவன் எவனாச்சும் வராம இருந்திருக்கானா?"

வீட்டுக்காரர் போன வாரம் ஃப்ரீசரைத் திறந்து, இது ஒரு துண்டு சும்மா கிடக்கிறதே, குழம்பு வைக்கட்டுமா என்று கேட்டார். கையை எடுங்கள் என்றேன். அது எத்தனை வருஷமானாலும் அங்கேயே இருக்கும்.